தணிவும் தணிப்பும்: கடற்சுழற்சி மாதிரியின் எல்லை நிபந்தனை ஒன்றும் அதற்குரிய தமிழும்

பெருந்தொற்றுக் காலத்தின் பிற்பகுதியில் நம் இரு நாடுகளின் நாளிதழ்களிலும் 'எல்லைக் கட்டுப்பாட்டுத் தளர்வு' என்னும் தொடரை நாம் பலமுறை படித்தோம். ஜொகூர் பாலத்தைக் கடக்கக் காத்திருந்தோர்க்கு அத்தொடரின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் கடலியல் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தில் 'தளர்வு எல்லை நிபந்தனை' என்று வரும்போது அதே சொற்கள் நம்மை வேறு வழியில் இட்டுச் செல்கின்றன. ஏதோ ஒரு நிபந்தனை கடுமை குறைந்து விட்டுக்கொடுப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அங்கு நடப்பது அதற்கு எதிரானது. கணினிக்குள் இயங்கும் கடலை, அது செல்ல விரும்பும் இடத்திற்குச் செல்லவிடாமல், ஆய்வாளர் விரும்பும் இடத்தை நோக்கி ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும் ஓர் ஏற்பாடு அது. ஆங்கிலத்தில் 'ரிலாக்சேஷன்' என்னும் சொல் அந்த இழுப்பை மறைத்துவிடுகிறது. 'தளர்வு' என்னும் நேர்பெயர்ப்பு அம்மறைப்பை இரட்டிப்பாக்குகிறது.

கலைச்சொல் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் எந்தச் சொல் அழகியது, எது தூயது என்னும் வழக்கிலேயே முடிந்துவிடுகின்றன. இங்கு நாம் அவ்வழியில் செல்லவில்லை. முதலில் பொருளைக் காண்போம். பொருள் விளங்கியபின், அதற்கு வேண்டியது ஒரு சொல்லா இரு சொற்களா என்னும் கேள்வி தானே எழும்.

கடற்சுழற்சி மாதிரி என்பது கடல்நீரை ஆயிரக்கணக்கான, சிலவேளை கோடிக்கணக்கான கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, ஓடும் விரைவு ஆகியவற்றைச் சிறு சிறு காலப்படிகளில் கணக்கிட்டுச் செல்லும் கணினி நிரல். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான பொதுச் சுழற்சி மாதிரி இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. ஜான் மார்ஷலும் அவருடன் பணியாற்றியோரும் அதன் அடிப்படையை 1997இல் வெளியிட்டனர். அந்நிரலை எவரும் பெற்று இயக்கலாம். நிரலில் உள்ள இயற்பியல் விதிகளை எழுதியவர்கள் வேறு. அதைக் குறிப்பிட்ட ஒரு கடலுக்குப் பொருத்துபவர் வேறு. பொருத்துபவரின் வேலையில் பெரும்பகுதி விதிகளைப் பற்றியதன்று, விளிம்புகளைப் பற்றியது. கட்டங்கள் முடியும் இடத்தில் என்ன நடக்கிறது? மேலே காற்று இருக்கிறது, கீழே தரை இருக்கிறது. பக்கவாட்டில் சில இடங்களில் கரை இருக்கிறது. மற்ற இடங்களிலோ கடல் தொடர்ந்து செல்ல, நம் கணக்கு மட்டும் அங்கே நின்றுவிடுகிறது. இவ்விளிம்புகளில் நீர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதித் தருவதே எல்லை நிபந்தனை.

அந்நிபந்தனைகளுள் ஒரு வகையை எளிய சொற்களில் இவ்வாறு கூறலாம்: ஒரு கட்டத்தின் வெப்பநிலை நாம் குறித்த இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்விலகலுக்கு நேர்விகிதத்தில் அதனை இலக்கை நோக்கி நகர்த்துக. விலகல் பெரிதாயின் நகர்வும் பெரிது. விலகல் சிறுத்தால் நகர்வும் சிறுக்கும். எவ்வளவு விரைவாக நகர்த்துவது என்பதை ஒரே ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண் ஒரு கால அளவு. அதனை நாம் தணிகாலம் என்று அழைப்போம்; ஏன் அப்பெயர் என்பதைப் பின்னர்க் காண்போம். சூடான பொருள் ஒன்று ஆறும் விரைவைப் பற்றி நியூட்டன் 1701இல் வெளியிட்ட விதியும் இதே வடிவினதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. நீரின் வெப்பநிலை 12 பாகை செல்சியசு. இலக்கு 8 பாகை. தணிகாலம் 10 நாள். தொடக்கத்தில் விலகல் 4 பாகை. பத்து நாள் கழிந்தபின் விலகல் முற்றும் மறைந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வாறு நிகழ்வதில்லை. விலகல் சிறுக்கச் சிறுக்க இழுப்பும் சிறுப்பதால், பத்தாம் நாளில் விலகலில் ஏறத்தாழ 37 விழுக்காடு எஞ்சியிருக்கும். அதாவது வெப்பநிலை 9.5 பாகைக்கு அருகில் நிற்கும். இருபதாம் நாளில் 8.5, முப்பதாம் நாளில் 8.2. தணிகாலம் என்பது இலக்கை அடையும் காலமன்று. விலகல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் காலம்.

இது வேறெதுவும் குறுக்கிடாத நீரின் கதை. கடலில் எப்போதும் ஏதேனும் குறுக்கிடும். அதே கட்டத்திற்குள் நீரோட்டம் ஒன்று நாள்தோறும் 0.1 பாகை அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்று கொள்வோம். அப்போது நீர் இலக்கை ஒருநாளும் அடையாது. கொட்டும் வெப்பமும் இழுக்கும் அளவும் சமமாகும் இடத்தில் நின்றுவிடும். தணிகாலம் 10 நாளாயின் இலக்குக்கு மேல் 1 பாகையில் நிற்கும். 30 நாளாயின் 3 பாகையில் நிற்கும். ஒரு நாளாயின் 0.1 பாகையில் நிற்கும். இந்த மூன்று எண்களுள்தான் மாதிரி அமைப்போரின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. தணிகாலத்தை மிகச் சுருக்கினால் மாதிரியின் விடை இலக்கோடு அழகாகப் பொருந்தும். ஆனால் அது கடலைப் பற்றி நமக்கு ஒன்றும் கூறியதாகாது. நாம் கொடுத்ததையே நமக்குத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான். மிக நீட்டினால் கடல் தன்போக்கில் போய்விடும். விளிம்புக்கு அப்பால் உள்ள உலகின் செய்தி உள்ளே வந்து சேராது. விடையைத் தீர்மானிப்பது மாதிரியின் இயற்பியலா, நாம் எழுதிய இலக்கா என்பதை இந்த ஓர் எண்ணே வகுக்கிறது.

இப்போது கடலின் மேற்பரப்புக்கு வருவோம். அங்கு இந்நிபந்தனைக்கு ஓர் இயற்கை நியாயம் உண்டு. மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிடச் சூடானால் அது காற்றுக்கு மிகுதியான வெப்பத்தை இழக்கிறது. ஆவியாதல் மிகுகிறது, வெளிவிடும் கதிர்வீச்சும் மிகுகிறது. ஆகவே நீரின் விலகல் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும் வழியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ராபர்ட் ஹேனி 1971இல் எழுதிய கட்டுரை இதனைக் கணக்காக்கியது. கடலுக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட வெப்பப் பாய்வை, நீரின் வெப்பநிலைக்கும் காற்றைச் சார்ந்த ஓர் இலக்கு வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டின் மடங்காக எழுதலாம் என்று அவர் காட்டினார். அம்மடங்கை, ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 40 வாட் என்று கொள்வோம். மாதிரியின் மேலடுக்கு 50 மீட்டர் தடிப்புள்ளதாயின், அவ்வளவு நீரைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் வேண்டிய ஆற்றலைக் கொண்டு கணக்கிட்டால் தணிகாலம் ஏறத்தாழ 59 நாள் வருகிறது. மேலடுக்கு 10 மீட்டர் மட்டுமே எனில் ஏறத்தாழ 12 நாள்.

இதில் பலர் காணத் தவறும் ஒன்று உண்டு. 50 மீட்டர் அடுக்கோடு இயங்கிய பழைய அமைவை எடுத்து, நுணுக்கம் வேண்டி மேலடுக்கை 10 மீட்டராக்கிவிட்டு, அமைவுக் கோப்பிலுள்ள 59 நாளை அப்படியே விட்டுவிட்டால், காற்றோடு கடல் நடத்தும் வெப்பக் கொடுக்கல் வாங்கல் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் தோன்றாது. நிரலுக்கு 59 என்பது ஓர் எண் மட்டுமே. அதன் பின்னால் 50 மீட்டர் நீர் நின்றதை அது அறியாது.

உப்புத்தன்மைக்கு வரும்போது நிலை முற்றிலும் மாறுகிறது. ஒரு பகுதியின் நீர் வழக்கத்தைவிட உவர்ப்பாகிவிட்டது என்று கொள்வோம். அதனை உணர்ந்து அங்கு மிகுதியான மழை பெய்யுமா? பெய்யாது. மழைக்குக் கடலின் உப்பு தெரியாது. ஆவியாதலும் உப்பைப் பார்த்துத் தன்னைக் குறைத்துக்கொள்வதில்லை. உப்பின் தாக்கம் அதில் மிகச் சிறிது. வெப்பத்தின் விலகலுக்குக் காற்று மறுமொழி தருவதுபோல உப்பின் விலகலுக்கு மறுமொழி தருவார் எவருமில்லை. ஆயினும் மாதிரி அமைப்போர் மேற்பரப்பு உப்புத்தன்மையையும் அதே சமன்பாட்டால் இலக்கை நோக்கி இழுக்கின்றனர். மழை, ஆவியாதல், ஆற்றுநீர் ஆகியவற்றின் அளவீடுகளில் உள்ள சிறு பிழைகள் பல ஆண்டுகள் சேர்ந்து கடலையே வேறொன்றாக்கிவிடக் கூடும் என்பதால் அவ்வாறு செய்கின்றனர். செயல்முறைத் தேவை என்று அதனை ஏற்கலாம். இயற்கையின் செயல் என்று ஏற்க முடியாது.

இவ்வேறுபாடு வெறும் நுண்மையன்று என்பதைக் காட்ட இரண்டு ஆய்வுகள் போதும். ஹென்றி ஸ்டொமல் 1961இல் இரு பெட்டி நீரை மட்டும் வைத்து ஒரு சிறு மாதிரி அமைத்தார். வெப்பம் விரைவாகவும் உப்பு மெதுவாகவும் சரிசெய்துகொள்ளும் என்னும் ஒரே வேறுபாட்டிலிருந்து, ஒரே புறச்சூழலில் இரண்டு வெவ்வேறு நிலையான சுழற்சிகள் இயலும் என்று அவர் காட்டினார். பின்னர் 1986இல் பிராங்க் பிரையன் முப்பரிமாண மாதிரி ஒன்றில், முதலில் வெப்பம், உப்பு இரண்டையும் இலக்கை நோக்கி இழுத்துக் கடலை நிலைப்படுத்தினார். அதன்பின் உப்பின் இழுப்பை நீக்கி, அதற்கு ஈடான நன்னீர்ப் பாய்வை மாறாத அளவாகக் கொடுத்தார். உயர் அகலாங்கில் உப்புத்தன்மையில் ஒரு மாற்றத்தைப் புகுத்தியதும், அதுவரை நிலையாகத் தோன்றிய சுழற்சி குலைந்து வேறொரு நிலைக்குச் சென்றது. முன்பு கண்ட நிலைத்தன்மை கடலுக்கு உரியதாக இருக்கவில்லை. இழுப்புக்கு உரியதாக இருந்தது. எவ்வளவு பெரிய வேறுபாடு ஒரே சமன்பாட்டின் அடியில் ஒளிந்திருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்குதான் மொழியியலாளர் பேசுவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. தமிழில் தன்வினையும் பிறவினையும் ஒரே வேரிலிருந்து இணையாகப் பிறக்கும் வினைகள் பல. கூட்டம் பிரிந்தது, கூட்டத்தைப் பிரித்தார். காடு அழிந்தது, காட்டை அழித்தார். விலை குறைந்தது, விலையைக் குறைத்தார். பேராசிரியர் கு. பரமசிவம் இவ்விணைகளை விரிவாக ஆராய்ந்தவர். இலக்கண நூற்பா கற்காத குழந்தையும் இவற்றைப் பிழையின்றி ஆள்கிறது. பெயர்ச்சொல்லாகும்போதும் வேறுபாடு நிலைத்து நிற்கிறது: பிரிவு, பிரிப்பு, அழிவு, அழிப்பு, குறைவு, குறைப்பு. முதலாவது தானே நிகழ்ந்தது. இரண்டாவது ஒருவர் நிகழ்த்தியது. செய்தவர் யார் என்று கேட்க இரண்டாம் சொல்லே நம்மைத் தூண்டுகிறது.

'தணி' என்னும் வினை இவ்வகையைச் சேர்ந்தது. காய்ச்சல் தணிந்தது, வெயில் தணிந்தது, சினம் தணிந்தது என்கிறோம். தாகத்தைத் தணித்தான், கோபத்தைத் தணித்தாள் என்கிறோம். இவ்வழக்குகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். வழக்கமான நிலையிலிருந்து மிகுந்து சென்ற ஒன்று படிப்படியாக அந்நிலைக்கு மீள்கிறது. மிகுதி பெரிதாக இருக்கும்போது முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மீள்கிறது. நம் சமன்பாடு கூறுவதும் இதுவே. 'தளர்வு' என்பதில் இது இல்லை. கயிறும் உடலும் விதியும் தளரும். ஆனால் தளர்ந்தவை எந்த இலக்குக்கும் திரும்புவதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் மற்றொரு சொல்லை 'மீட்பு' என்று பெயர்ப்பாரும் உண்டு. அச்சொல் தீயணைப்புத் துறைக்கும் கிறித்தவ இறையியலுக்கும் ஏற்கனவே உழைத்துக்கொண்டிருப்பதால் அதனை விட்டுவிடலாம்.

எனவே மேற்பரப்பு வெப்பநிலையில் நிகழ்வது தணிவு. அங்குக் கடல் தானே தணிகிறது, நாம் அதனைக் கணக்கில் எழுதுகிறோம். மேற்பரப்பு உப்புத்தன்மையில் நாம் செய்வது தணிப்பு. அங்குக் கடல் தணியவில்லை, நாம் தணிக்கிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லால் மூடிவைத்த இரு பொருள்களைத் தமிழ் தன் இயல்பான உருபனியலாலேயே பிரித்துக் காட்டுகிறது. புதிய சொல் எதையும் நாம் படைக்கவில்லை.

தணிப்பின் மிகத் தெளிவான வடிவத்தைக் காண வேண்டுமாயின் பக்கச் சுவருக்குச் செல்ல வேண்டும். தென்பெருங்கடலை எடுத்துக்கொள்வோம். தென் அமெரிக்காவின் முனைக்கும் அண்டார்க்டிக் தீபகற்பத்துக்கும் இடையே டிரேக் நீரிணை திறந்திருப்பதால், அங்குள்ள நீரோட்டம் கண்டம் எதுவும் மறிக்காமல் கிழக்கு நோக்கி உலகையே சுற்றிவருகிறது. இதனை ஆராய்வோர் முழு உலகையும் கணக்கிடாமல், கிழக்கு மேற்காக 1000 கிலோமீட்டரும் தெற்கு வடக்காக 2000 கிலோமீட்டரும் உள்ள ஒரு வாய்க்காலை மட்டும் அமைப்பது உண்டு. கிழக்கு வாயில் வெளியேறும் நீர் மேற்கு வாயில் மீண்டும் நுழையும். உலகைச் சுற்றும் ஓட்டம் அவ்வாறு குறுகிய இடத்தில் அடங்கிவிடும். தெற்கில் அண்டார்க்டிக்கா. வடக்கில்?

வடக்கில் உண்மையில் அட்லாண்டிக், இந்திய, பசிபிக் பெருங்கடல்கள் இருக்கின்றன. வட அட்லாண்டிக்கில் குளிர்ந்து அமிழ்ந்த நீர் ஆழத்தில் தெற்கே வந்து தென்பெருங்கடலில் மேலெழுகிறது. மாதிரியிலோ அங்கு ஒரு சுவர். சுவரை வெறும் சுவராக விட்டால் ஆழநீரின் வெப்ப அடுக்கமைவைக் காத்துநிற்க எதுவுமில்லை. வெளியுலகம் தொலைவிலிருந்து செய்யும் வேலையை உள்ளே செய்வார் இல்லை. ஆகவே வடசுவரை ஒட்டிய ஒரு பட்டையில், மேலே சூடும் கீழே குளிருமாக நாம் அறிந்த அடுக்கமைவை இலக்காக எழுதி, அப்பட்டையின் நீரை அதை நோக்கித் தணிக்கிறோம். வராத மூன்று பெருங்கடல்களின் இடத்தில் அந்தப் பட்டை நிற்கிறது.

இப்பட்டையை ஆங்கிலத்தில் கடற்பஞ்சின் பெயரால் அழைப்பர். வந்து மோதும் அலையையும் சுழலையும் அது உறிஞ்சிக்கொள்வதால் அப்பெயர். தமிழில் 'பஞ்சு அடுக்கு' என்றால் தலையணைதான் நினைவுக்கு வரும். 'உறிஞ்சுபட்டை' என்பது செயலை நேராகவே சொல்லிவிடுகிறது.

பட்டையின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு தணிப்பது என்பதைச் சொல்ல இன்னொரு கோப்பு வேண்டும். கட்டந்தோறும் 0 முதல் 1 வரை ஓர் எண். 0 எனில் அக்கட்டத்தைத் தொடாதே; 1 எனில் முழு விசையோடு தணி. ஆங்கிலத்தில் அதனை 'மாஸ்க்' என்பர். 'முகமூடி' என்று பெயர்ப்பது வேடிக்கையாகிவிடும். அது எதையும் மூடுவதில்லை, எடை போடுகிறது. 'எடைக்கோப்பு' எனலாம். தணிகாலம் 10 நாள், எடை 0.25 எனில் அக்கட்டத்தின் உண்மையான தணிகாலம் 40 நாள், எடை 0.1 எனில் 100 நாள். எடை 0விலிருந்து 1க்கு ஒரே தாவலாகத் தாவினால் அத்தாவலே ஒரு புதிய சுவராகி அலைகளைத் திருப்பி அனுப்பும். எல்லையை அடுத்த பகுதியில் எடையைப் படிப்படியாக ஏற்றும் முறையை வானிலை மாதிரிகளுக்காக டேவிஸ் 1976இல் முறைப்படுத்தினார். கடல் மாதிரிகளிலும் அம்முறை பயன்படுகிறது. இந்நிபந்தனையின் பெயரில் 'எல்லை' இருந்தாலும், எடைக்கோப்பு முப்பரிமாணமானது. கடலின் நட்ட நடுவிலும் ஆழத்திலும்கூட எடை வைக்கலாம். நிரல் தடுப்பதில்லை. வைக்கலாமா என்பது வேறு கேள்வி.

பட்டை எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்? இதற்கு நூல் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வகுத்தல் போதும். நொடிக்கு 10 செண்டிமீட்டர் விரைவில் ஓடும் நீர் ஒரு நாளில் ஏறத்தாழ 8.6 கிலோமீட்டர் செல்லும். பட்டை 100 கிலோமீட்டர் எனில் கடக்க 12 நாள் ஆகும். எடை எங்கும் 1 என்றும் தணிகாலம் 10 நாள் என்றும் கொண்டால், கடந்து முடிக்கும்போது விலகலில் 31 விழுக்காடு எஞ்சும். நீரோட்டம் நொடிக்கு 50 செண்டிமீட்டரானால் இரண்டே கால் நாளில் கடந்துவிடும். விலகலில் 79 விழுக்காடு அப்படியே எஞ்சும். அப்பட்டை அந்த நீரோட்டத்திற்கு இல்லாததைப் போன்றதே. தணிகாலத்தை மட்டும் தனியே பார்த்து நல்லது தீயது என்று கூற முடியாது. நீர் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

அமைவுக் கோப்பை எழுதும்போது நேரும் இடர்ப்பாடுகள் பல. சிலவற்றை மட்டும் சுட்டுவோம். நாம் கூறிய நிரலில் தணிகாலத்தை நொடிகளில் எழுத வேண்டும்: 10 நாளுக்கு 864,000. நாள் என்று எண்ணி 10 என்று எழுதிவிட்டால் அது 10 நொடியாகிவிடும். காலப்படி 900 நொடியாயின் ஒவ்வொரு படியிலும் விலகலின் 90 மடங்கு கழிக்கப்படும். 12 பாகை நீர் அடுத்த படியில் மைனசு 348 பாகையாகும். அதற்கடுத்த சில படிகளில் கணக்கே உடைந்து நின்றுவிடும். இது நல்ல பிழை. தன்னை உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரு சுழியம் விடுபட்டு 86,400 என்று எழுதப்படுவதே தீய பிழை. தணிகாலம் ஒரு நாளாகிவிடும். மாதிரி அமைதியாக இயங்கும். பட்டையில் விடை அளவீடுகளோடு முன்னினும் நன்றாகப் பொருந்தும். பொருத்தத்தைக் கண்டு மகிழ்வோரே தவிர ஐயுறுவோர் குறைவு.

இலக்குக் கோப்பில் தரவு இல்லாத கட்டங்களைச் சுழியத்தால் நிரப்பும் வழக்கமும் உண்டு. அக்கட்டங்களில் எடையும் சுழியமாக இருந்தால் தீங்கில்லை. எடை இருந்துவிட்டால், 'தரவு இல்லை' என்னும் பொருளில் எழுதிய சுழியத்தை நிரல் 'சுழியப் பாகை' என்று படித்து, வெப்பமண்டல நீரையும் உறைநிலையை நோக்கி இழுக்கத் தொடங்கும். 'இன்மை' என்பதும் 'சுழியம்' என்பதும் ஒன்றல்ல என்பதை மொழியில் நாம் எளிதில் உணர்வோம். கோப்பில் இரண்டும் ஒரே எண்ணாகிவிடுகின்றன.

நம்மைச் சூழ்ந்த கடலுக்கு இம்முறையைப் பொருத்த விரும்புவோர்க்கு இலக்கின் காலமும் ஒரு சிக்கல். தென்சீனக் கடலின் தென்பகுதியில் வடகிழக்குப் பருவக்காற்றின்போது ஒரு திசையிலும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது அதற்கு எதிர்த்திசையிலும் மேற்பரப்பு நீர் ஓடுகிறது. ஆண்டுச் சராசரியை இலக்காக வைத்தால் எதிரெதிர் ஓட்டங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்ளும். எந்த மாதத்திலும் இல்லாத ஒரு கடலை நோக்கி நீரை இழுத்துக்கொண்டிருப்போம். ஆகவே பன்னிரு மாதங்களுக்கும் பன்னிரண்டு இலக்குகள் வேண்டும். அவை ஆண்டுதோறும் சுழன்று வரும் என்பதையும் கோப்பில் எழுத வேண்டும். ஓதங்களோ இன்னும் நுட்பமானவை. அரைநாள் ஓதத்தின் சுற்று ஏறத்தாழ 12.4 மணிநேரம். மாதச் சராசரி ஓட்டத்தை இலக்காக்கி ஓரிரு மணிநேரத் தணிகாலத்தை விளிம்பில் வைத்தால், வெளியிலிருந்து வரவேண்டிய ஓதம் வாயிலிலேயே அடங்கிவிடும். சிங்கப்பூர் நீரிணை போன்ற, ஓதமே நீரை ஆட்டிவைக்கும் இடங்களில் அத்தகைய மாதிரி எதற்கும் உதவாது. ஓதத்தைத் தனியே உள்ளே விட வேண்டும்.

தணிப்பின் அளவைத் தனியே பதிந்து வைக்குமாறு நிரலைப் பணிக்க முடியும். பலர் அதனைச் செய்வதில்லை. இடத்தை அடைக்கும் என்கின்றனர். நம் கருத்தில் அதுவே முதலில் பார்க்க வேண்டிய கோப்பு. தென்பெருங்கடல் வாய்க்காலில், ஒரு வெப்பநிலையோடு பட்டைக்குள் நுழையும் நீர் வேறொரு வெப்பநிலையோடு வெளியேறுகிறது. அந்த மாற்றம் இருப்பதால்தான் ஆழத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான சுழற்சி தொடர்ந்து நிகழ முடிகிறது. எனவே அதன் அளவு, வெளியுலகத்திடமிருந்து மாதிரி எவ்வளவு கடன் வாங்கியது என்னும் கணக்கு. கடனை எழுதாமல் இருப்பை மட்டும் காட்டும் வரவுசெலவை எவரும் ஏற்பதில்லை.

இனி நம் சொற்களுக்கு எழக்கூடிய ஒரு தடையைக் காண்போம். ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கத் தமிழில் இரண்டு ஏன், மாணவர் குழம்பமாட்டாரா என்று கேட்கலாம். நாம் கண்டவரையில் குழப்பம் ஒரு சொல்லால்தான் விளைந்திருக்கிறது. ஆயினும் இரண்டையும் சேர்த்துச் சுட்ட ஒரு பொதுச்சொல் தேவைப்படும் இடங்களும் உண்டு. சமன்பாட்டைப் பற்றி மட்டும் பேசும்போது தணிவா தணிப்பா என்று பிரிக்க வேண்டியதில்லை. அதற்கும் தமிழ் இலக்கணத்தில் வழியுண்டு. வினைத்தொகை காலத்தை மறைத்து நிற்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இத்தகைய இணைவினைகளில் அது தன்வினை, பிறவினை வேறுபாட்டையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. தணிகாலம் என்றால் தணிந்த காலமும் ஆகலாம், தணித்த காலமும் ஆகலாம். அவ்வாறே 'தணியெல்லை நிபந்தனை' என்பது இரு வகைக்கும் பொதுவாக நிற்கும். 'தளர்வு' ஏற்கனவே சில கலைச்சொற் பட்டியல்களில் இடம்பெற்றிருக்கலாம். பொருளியலிலும் சட்டத்திலும் அது தொடரட்டும், அங்கு அது தன் பொருளைச் சரியாகவே சொல்கிறது.

கடலியல் மாணவர் ஒருவர் தம் ஆய்வறிக்கையைத் தமிழில் எழுதுவதாயின் அமைவுப் பகுதி இவ்வாறு அமையலாம்: 'மேற்பரப்பு வெப்பநிலைக்கு 10 மீட்டர் மேலடுக்கில் 12 நாள் தணிவு. மேற்பரப்பு உப்புத்தன்மைக்கு 180 நாள் தணிப்பு. வடசுவரை ஒட்டி 100 கிலோமீட்டர் உறிஞ்சுபட்டையில் வெப்பநிலைக்கு 10 நாள் தணிப்பு. எடை தெற்கிலிருந்து வடக்காக 0 முதல் 1 வரை சீராக ஏறும்.' இதனைப் படிக்கும் தேர்வாளர் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே, எங்கெங்குக் கடல் பேசுகிறது, எங்கெங்கு மாணவர் பேசுகிறார் என்பதை அறிந்துவிடுவார். 180 நாள் ஏன் என்று அவர் கேட்பார். 12 நாள் ஏன் என்று கேட்டால், மேலடுக்கின் தடிப்பையும் 40 வாட்டையும் காட்டி மாணவர் விடை கூறிவிடலாம்.